சுவரொட்டிக்கு வந்த வாழ்வு

ஒரு வாரமோ இரு வாரமோ மதிலில் ஒட்டியிருந்து, வெயிலில் வெளிறி, மழையில் ஊறி, அடுத்த படத்தின் சுவரொட்டிக்கு அடியிற் புதைந்து போவதே திரைப்படச் சுவரொட்டிக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. அதனை வரைந்தவரும் அச்சிட்டவரும் ஒட்டியவரும் அதற்கு மேல் ஓர் ஆயுளை அதற்கு எண்ணியதில்லை. ஆனால் 2017 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் டலஸ் நகரைச் சேர்ந்த ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1931 ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராகுலா’ படத்தின் சுவரொட்டி ஒன்று 5 இலட்சத்து 25 ஆயிரத்து 800 டொலருக்கு விலை போயிற்று. ஒட்டுவதற்குப் பசை வாங்கும் செலவையும் கணக்குப் பார்த்த திரையரங்குக்காரர் எவரேனும் இதனைக் கேள்வியுற்றிருப்பின் நம்பியிருக்கமாட்டார்.

இவ்வாணிகத்தின் பெரும்பகுதி இன்று இணையவழி ஏலங்களினூடாகவே நடைபெறுகின்றது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டிலிருந்தவாறே ஒருவர் டலஸ் ஏலத்தைப் பார்வையிடலாம். விரும்பினால் விலையும் கேட்கலாம். இதனைச் செல்வர் சிலரது பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமூகத்தின் அண்மைக்கால நினைவு எவ்வாறு தப்புகின்றது, தப்பியபின் அது எவர் கைக்குப் போய்ச் சேருகின்றது என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. இவ்வேலங்களைச் சில காலமாக அவதானித்து வருபவன் என்ற முறையில் அவ்வினாக்களைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

அருமை பிறந்த விதம்

இவ்விலைகளுக்கு அடிப்படை அருமை. அவ்வருமையோ அழிவினாற் பிறந்தது. சுவரொட்டிகள் ஏராளமாக அச்சிடப்பட்டவையே. ஆனால் அவை கலைப்பொருள்களாகவன்றி வாணிகக் கருவிகளாகவே கருதப்பட்டன. அமெரிக்காவில் 1940 ஆம் ஆண்டளவிலிருந்து நாஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் என்னும் நிறுவனம் படக் கம்பனிகளின் சுவரொட்டிகளை விநியோகிக்கும் பொறுப்பை ஏற்றது. திரையரங்குகள் அவற்றை வாடகைக்குப் பெற்று, படம் ஓடி முடிந்ததும் திருப்பி அனுப்பின. அவை ஊர் ஊராகச் சென்று நைந்து கிழியும் வரை உழைத்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழங்காகிதம் திரட்டும் இயக்கங்கள் நாடெங்கும் நடைபெற்றபோது, அதுவரை எஞ்சியிருந்தவற்றுள்ளும் பல கூழாக்கப்பட்டன. ஆகவேதான் 1930களின் புகழ்பெற்ற படங்கள் சிலவற்றுக்கு இன்று ஒன்றிரண்டு சுவரொட்டிகளே உள்ளன.

எஞ்சியவையும் எவராலேனும் திட்டமிட்டுப் பேணப்பட்டவையல்ல. பெரும்பாலும் தற்செயலாகத் தப்பியவை. பென்சில்வேனியா மாநிலத்துப் பேர்விக் என்னும் சிற்றூரில், ஒன்றன் மேலொன்றாகப் பசையினால் ஒட்டுண்டு கிடந்த 33 சுவரொட்டிகள் கொண்ட கட்டு ஒன்று நாட்டுப்புற ஏலமொன்றில் விற்பனைக்கு வந்தது. பழையதைக் கிழிக்கச் சோம்பி அதன் மேலேயே புதியதை ஒட்டிய வழக்கம், பலகாலம் கழித்து ஒரு பேழையைப் போல் அவற்றைக் காத்திருந்தது. அக்கட்டு தாள் தாளாகப் பிரிக்கப்பட்டு, 2012 ஆம் ஆண்டு டலஸ் ஏலத்தில் 5 இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு விற்கப்பட்டது. சோம்பல் இவ்வளவு பெரிய ஆவணக்காப்பாளனாக விளங்கியமை வேறெங்கும் கண்டறியேன்.

சில வேளைகளிற் படமே அழிந்துபோகச் சுவரொட்டி மட்டும் எஞ்சுகின்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 பேசாப் படங்களுள் நூற்றுக்குப் பதினான்கே தம் மூல வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன. லொன் சேனி நடித்து 1927 ஆம் ஆண்டு வெளிவந்த ‘லண்டன் ஆப்டர் மிட்நைட்’ என்னும் படத்தின் கடைசிப் பிரதி 1960களில் எம்.ஜி.எம். கம்பனியின் களஞ்சியத்தில் மூண்ட தீயில் அழிந்ததென நம்பப்படுகின்றது. அப்படத்தின் சுவரொட்டி 2014 ஆம் ஆண்டு 4 இலட்சத்து 78 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. அழைப்புக்குரிய விழா இல்லை, அழைப்பிதழ் இருக்கின்றது. இத்தகைய நிலையில் சுவரொட்டி விளம்பரம் என்னும் தரத்தைக் கடந்து வரலாற்றுச் சான்று என்னும் தரத்தை எய்துகின்றது.

ஏலம் நடக்கும் முறை

நெடுங்காலம் இவ்வாணிகம் சேகரிப்போர் கூடும் சந்தைகளிலும், தபால்வழி அனுப்பப்பட்ட விலைப்பட்டியல்களிலுமே நடந்து வந்தது. பொருளின் விலை வியாபாரி சிலருக்கே தெரிந்த இரகசியமாயிருந்தது. 1990 ஆம் ஆண்டு இறுதியில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நியூயோர்க்கில் திரைப்படச் சுவரொட்டிகளுக்கெனத் தனி ஏலம் நடத்தியபோது அவை ஓவியங்களோடு ஒத்த வரிசைக்கு உயர்ந்தன. 1995 ஆம் ஆண்டு தோன்றிய ஈபே என்னும் இணைய ஏலச் சந்தை, பரணிற் கிடந்த பழந்தாளை எவரும் எவருக்கும் விற்கலாம் என்ற நிலையை உண்டாக்கிற்று. முடிந்த ஏலங்களின் விலைகளும் பலர் பார்க்கக்கூடியனவாயின. இரகசியம் உடைந்தது. குப்பைக்குப் போகவிருந்த பல தாள்கள் வெளிவந்தன. அதேவேளையில், அரியது எனப்பட்ட சில பொருள்கள் அத்துணை அரியனவல்ல என்பதும் வெளியாயிற்று.

இணைய ஏலத்தின் நுட்பத்தை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. கேட்போர் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை இரகசியமாகப் பதிவு செய்கின்றார். அவருக்காகக் கணினியே படிப்படியாக விலை ஏற்றுகின்றது. ஒருவர் 500 டொலர் எனவும், அவருக்கு அடுத்தவர் 300 டொலர் எனவும் பதிந்திருப்பின், முன்னவர் 300 டொலருக்குச் சற்று மேற்பட்ட விலைக்கே பொருளைப் பெறுவார். எனவே வெற்றி பெற்றவர் கொடுக்கும் விலை அவரது ஆசையின் அளவன்று. தோற்றவரது ஆசையின் அளவு என்பதே உண்மை. குறித்த நொடியில் முடியும் ஏலங்களில், கடைசிச் சில நொடிகள் வரை மறைந்திருந்து பாயும் தந்திரமும் உண்டு. அதனைத் தவிர்க்கும் பொருட்டுச் சில நிறுவனங்கள், இறுதி வேளையில் எவரேனும் விலை கேட்டால் நேரத்தை நீட்டிக் கொடுக்கின்றன. பெரிய ஏல நிறுவனங்களில், விழுந்த விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணமாக ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ செலுத்த வேண்டும். தபாற் செலவும் சுங்கத் தீர்வையும் அதன் பின்னரே வரும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு எல்லை வகுத்துக்கொள்ளாதவர் ஏலத்தில் இறங்குதல், ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

மெய்யும் போலியும்

கையாற் தொட்டுப் பாராமல், படத்தைப் பார்த்து வாங்கும் சந்தையிற் போலி புகுவது இயல்பு. எனினும் மெய்ப்பொருள் தன் அடையாளங்களைத் தானே தாங்கி நிற்கின்றது. அமெரிக்க ஒற்றைத்தாள் சுவரொட்டியின் பழைய அளவு 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமுமாகும். 1980களின் தொடக்கம் வரை அவை பெரும்பாலும் மடித்தே அனுப்பப்பட்டன. ஆகையால், மடிப்பின் தடமே இல்லாத 1940 ஆம் ஆண்டுச் சுவரொட்டி மகிழ்ச்சிக்கு முன் ஐயத்தை எழுப்ப வேண்டும். நாஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் விநியோகித்தவற்றின் அடியில் ஆண்டைக் குறிக்கும் எண் காணப்படும். அவ்வெண்ணுக்கு முன் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து நின்றால், அது படம் மீண்டும் திரைக்கு வந்தபோது அச்சிடப்பட்டது. கல்லச்சு முறையில் அச்சான பழந்தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், பிற்கால அச்சிற் காணப்படும் ஒழுங்கான புள்ளி வரிசை தென்படாது.

இவ்வளவு அறிந்தோரும் ஏமாந்ததுண்டு. யுனிவேர்சல் கம்பனியின் 1930களின் பயங்கரப் படங்களுக்குரிய விளம்பரத் தாள்கள் எனப் பெரும் விலைக்கு விற்கப்பட்ட சில, புதிதாக அச்சிட்டுப் பழமையேற்றப்பட்டவை என்பது 2009 ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. விற்றவர் பின்னர் அமெரிக்க நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். கிழிந்த தாளைத் துணியிற் பதித்துச் செப்பமிடுதல் இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். அவ்வழக்கமே வஞ்சனைக்குப் போர்வையாகவும் அமைந்துவிடுகின்றது. விலை மிகுந்த இடத்திலேயே போலி முளைக்கின்றது. எவரும் தேடாத சுவரொட்டிக்குப் போலி செய்ய எவரும் முனைவதில்லை.

விலையும் மதிப்பும்

விலை உயர்ந்ததெல்லாம் மதிப்புயர்ந்தது என்று கொள்ளலாமா? 1932 ஆம் ஆண்டு வெளிவந்த ‘த மம்மி’ படத்தின் சுவரொட்டி ஒன்று 1997 ஆம் ஆண்டு சொத்பீஸ் ஏலத்தில் 4 இலட்சத்து 53 ஆயிரத்து 500 டொலருக்கு விற்று அக்காலத்தில் வியப்பை விளைத்தது. அதே படத்தின் மற்றொரு சுவரொட்டியை 2018 ஆம் ஆண்டு அதே நிறுவனம் பத்து இலட்சம் டொலர் அளவான எதிர்பார்ப்புடன் இணைய ஏலத்திற்கு விட்டது. ஒருவர்கூட விலை கேட்கவில்லை. இரண்டும் கறோலி குறோஸ் என்னும் ஓவியரின் மேற்பார்வையில் உருவான விளம்பரக் கலையைச் சேர்ந்தவையே. அவ்விருபத்தொரு ஆண்டுகளிலும் ஓவியத்தின் அழகு குன்றிவிடவில்லை. அவ்விலைக்கு வாங்குவோர் அன்று அங்கு இருக்கவில்லை என்பதே நடந்தது.

உச்ச விலைகளுள் பல பயங்கரப் படங்களுக்கே கிடைப்பதற்கும் காரணம் உண்டு. 1957 ஆம் ஆண்டு யுனிவேர்சல் கம்பனியின் பழைய பயங்கரப் படங்கள் ஒரு தொகுதியாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. இரவில் விழித்திருந்து அவற்றைக் கண்டு நடுங்கிய சிறுவர்கள் வளர்ந்து பொருள் ஈட்டியபின், தம் இளமையையே விலை கொடுத்து வாங்கத் தலைப்பட்டனர் என்பது என் கருத்து. அத்தலைமுறை மறையும்போது அவ்விலைகள் நிலைக்குமா என்பது ஐயமே. அவர்களது இளமையில் இடம்பெறாத நல்ல படங்கள் பலவற்றின் சுவரொட்டிகள், கலையழகிற் குறையாதிருந்தும், மிகக் குறைந்த விலைக்குப் போகின்றன. சந்தை ஒரு தலைமுறையின் ஏக்கத்தை அளக்கும் கோல். வரலாற்றை அளக்க அது போதாது.

நினைவு எவர் கையில்?

சேகரிப்பாளரைப் பழித்தல் என் நோக்கமன்று. படக்கம்பனிகள் எறிந்ததை அவர்களே பொறுக்கி எடுத்துக் காத்தனர். நூலகங்கள் பொருட்படுத்தாத காலத்தில் அவர்களே பொருட்படுத்தினர். ஆயினும் தனியார் சேகரம் ஒருவரது ஆயுளையும் ஐசுவரியத்தையும் சார்ந்து நிற்பது. 1927 ஆம் ஆண்டின் ‘மெற்றோபொலிஸ்’ என்னும் ஜேர்மன் படத்திற்கு ஷுல்ஸ் நொய்டாம் வரைந்த சுவரொட்டியின் ஒரு பிரதி 2005 ஆம் ஆண்டு 6 இலட்சத்து 90 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. ஏழாண்டுகள் கழிந்தபின், கடன் தீர்க்க இயலாதுபோன ஒருவரின் உடைமைகளுள் ஒன்றாக, வேறு சில சுவரொட்டிகளுடன் சேர்த்து அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. அதே சுவரொட்டியின் பிறிதொரு பிரதி நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் உள்ளது. கடன்காரர் எவரும் அதனைக் கேட்டு வருவதில்லை. விலை கேட்க வசதியற்ற மாணவனுக்கும் அதில் உரிமையுண்டு. ஒரே தாளின் இவ்விரு கதிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே நான் வற்புறுத்த விரும்புகின்றேன்.

நமக்கு இது அயலார் கதையன்று. முதற் தமிழ்ப் பேசும்படமெனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ (1931) இன்று நமக்குக் கிடைப்பதில்லை. விளம்பரங்களும் பாட்டுப் புத்தகமும் போன்ற துண்டுச் சான்றுகளைக் கொண்டே அதனைப் பற்றிப் பேசுகின்றோம். நம் நாட்டில் 1983 ஆம் ஆண்டு யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டபோது படச்சுருள்கள் பலவும் சாம்பராயின. படச்சுருள் அழிந்த நாட்டில் சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் எத்துணை பெறுமதி வாய்ந்தவை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. டலஸ் நகரத்து ஏலத்தில் இவற்றுக்கு விலை கிடைக்காமற் போகலாம். விலை இல்லாத காரணத்தாலேயே இவை காப்பாரின்றி அழியும் அபாயமும் மிகுதி. அமெரிக்கச் சுவரொட்டியைச் சந்தையேனும் காக்கின்றது. நம்முடையவற்றைக் காக்க அதுவும் இல்லை.

செய்யத்தக்கது பெரும்பொருள் வேண்டும் காரியமன்று. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணைய ஆவணக் களஞ்சியம், ஈழத்துத் தமிழ் ஏடுகளையும் பிரசுரங்களையும் எண்ணிம வடிவிற் பேணும் பணியை நமக்குச் செய்து காட்டியுள்ளது. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்களில் மூடிக்கிடக்கும் திரையரங்குகளையும், பழைய அச்சுக்கூடங்களையும், வீட்டுப் பெட்டகங்களையும் நாடித் தேடுவார்களாயின் இன்னும் எத்தனையோ தாள்கள் வெளிவரும். கிடைத்ததைப் படம் பிடித்து, எந்தப் படம், எந்த அரங்கு, எந்த ஆண்டு, எவர் அச்சிட்டது என்னும் விவரங்களைக் குறித்து வைத்தல் வேண்டும். மூலத்தாள் உரியவரிடமே இருக்கட்டும். அதன் நிழலேனும் பொதுவுடைமையாகட்டும். பெட்டகத்தைத் திறக்கக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இத்தேடலைத் தொடங்குதல் அவசியம்.