வயது வரம்பு காவல் ஆகாது

மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் திரு. எஸ். ஜெய்சங்கர் அவர்களுக்கு,

புனேவுக்குத் தென்மேற்கே, அணையும் தேசியப் பாதுகாப்பு அகாடமியும் ஒரே ஏரியைப் பங்குபோட்டுக்கொள்ளும் கடக்வாஸ்லாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தந்தை கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர். அந்த உரிமையில் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு நேரமில்லையென்றால் அமைச்சகத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மடலின் பிற்பகுதியில் நான் கேட்கப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

வெளிநாடு போகும் நம் இளம்பெண்களின் பாதுகாப்பு பற்றியது இது. உங்கள் துறையில் ஒரு விதி இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குக் கொடுக்கப்படும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் பெண், 30 வயது நிறையாமல் வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான், லெபனான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது. குடிபெயர்வு அனுமதி கிடைக்காது. செவிலியருக்கு மட்டும் விலக்கு. ஆண்களுக்கு இந்த வரம்பு கிடையாது. பத்தாவது தேறிய பெண் பதினெட்டு வயதில் அதே துபாய்க்கு, அதே வேலைக்கு, யாரிடமும் கேட்காமல் விமானம் ஏறலாம். ஒன்பதாவதோடு நின்றவள் இருபத்தொன்பது வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பின்னும் ஏற முடியாது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கை ஓங்கும் கஃபீலை, அதாவது வளைகுடா முதலாளியை, நான் கேள்விப்பட்டதில்லை.

விதியின் நோக்கம் கெட்டதல்ல என்பது எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் பூட்டிய கதவுக்குள் இருக்கிறாள். பாஸ்போர்ட்டும் இகாமா என்ற வசிப்பு அனுமதி அட்டையும் முதலாளியின் மேசையறையில் இருக்கும். பல வீடுகளில் கைப்பேசியையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இதை அறிந்துதான் யாரோ ஒரு அதிகாரி, கொஞ்சம் வயதானவளாகப் போனால் சமாளித்துக்கொள்வாள் என்று எழுதியிருப்பார். நடந்தது என்ன? 2015 இல் ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்த வேலூர் மாவட்டத்துப் பெண்மணி தன் கையை இழந்து மருத்துவமனையில் கிடந்தார். அன்றைய அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் வெளிப்படையாகக் கண்டித்தார். அப்போது வெளியுறவுச் செயலாளர் நீங்கள். கோப்பு உங்கள் மேசையைத் தாண்டாமல் போயிருக்காது. அந்த அம்மாள் ஐம்பதைக் கடந்தவர்.

ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆகாதவளை ஏஜென்ட் திருப்பி அனுப்புவதில்லை. "விசிட்ல போயிடும்மா, அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார். சுற்றுலா விசாவில் போகிறவளைக் குடிபெயர்வு அதிகாரி கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவள் பெயர் அரசின் இ-மைக்ரேட் பதிவுத்தளத்தில் ஏறாது. பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடையாது. புறப்படும் முன் நடத்தும் பயிற்சி வகுப்பு கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் தூதரகத்தின் பார்வை படாது. தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் வாசலை அவள் மிதித்தே இருக்க மாட்டாள். ஏதாவது நடந்து தூதரகத்தைத் தேடி ஓடினால், அவள் யார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். காவலுக்கென்று போட்ட விதி, இருக்கிற காவலையும் அவளிடமிருந்து பிடுங்கிவிடுகிறது.

நீங்கள் 1988 முதல் 1990 வரை கொழும்பில் பணியாற்றியவர். அந்த நாட்டுக் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2005 இல் மூதூரிலிருந்து ஒரு தமிழ் பேசும் ஏழைப் பெண் சவூதிக்குப் போனாள். வயது பதினேழு. வயதுத் தடையைத் தாண்ட ஏஜென்ட் பாஸ்போர்ட்டில் பிறந்த வருடத்தை 1982 என்று போட்டார். போன சில வாரங்களிலேயே அவள் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்துபோக, கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. வாக்குமூலம் எடுக்கும்போது பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை. அவளுடைய தமிழை அரபிக்கு மாற்றியவருக்கு அந்தத் தகுதி இருந்ததா என்பதையே மனித உரிமை அமைப்புகள் சந்தேகித்தன. 2013 ஜனவரி 9 அன்று அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இலங்கை அரசு அதற்குப் பிறகு என்ன செய்தது? சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் வயது வரம்பை 25 ஆக உயர்த்தியது. 2022 இல் டாலர் தீர்ந்து, பெட்ரோலுக்கு வரிசை நீண்டபோது அதே அரசு வரம்பை 21 ஆகக் குறைத்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ரியாத் வீடுகள் மாறியதாகத் தகவல் இல்லை, கொழும்பின் கஜானாதான் மாறியது. பொய் வயது எழுத முடிந்த நாட்டில் மெய்வயதை உயர்த்தி என்ன பயன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்த மூதூர்ப் பெண்ணுக்கு ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் முதல் நாளே வந்திருந்தால் என்று பலரும் நினைத்தார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து நடப்பையும் பாருங்கள். கடக்வாஸ்லாவாசிகளுக்கு வெளியூர் என்றாலே ஸ்வார்கேட் பேருந்து நிலையம்தான். 2025 பிப்ரவரி 25 அன்று விடியுமுன், அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு ஷிவ்ஷாஹி பேருந்துக்குள் ஓர் இளம்பெண் வன்கொடுமைக்கு ஆளானார். ஊரே கொதித்தது. காவலாளிகளை மாற்றினார்கள். நிலையங்களில் கேட்பாரற்று நிற்கும் பழைய பேருந்துகளை அகற்ற உத்தரவு வந்தது. முப்பது வயதுக்குக் குறைந்த பெண்கள் இனி ஸ்வார்கேட்டுக்கு வரக் கூடாது என்று எந்த அமைச்சரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் பதவியில் இருந்திருக்க மாட்டார். உள்ளூர் என்றால் இடத்தைத் திருத்த வேண்டும், வெளிநாடு என்றால் பெண்ணை நிறுத்த வேண்டும் என்பது என்ன நியாயம்?

உங்கள் அமைச்சகத்துக்கு இந்த மனநிலை புதிதல்ல. அகாடமிக்கு இங்கே நேரு அடிக்கல் நாட்டிய அதே 1949 இல், சென்னையில் படித்த குடகுப் பெண் சி. பி. முத்தம்மா வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியின் முதல் பெண் அவர். திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1979 இல், அவர் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடிந்துரைத்தார். அரசும் கைவிட்டது. முத்தம்மாவுக்கு நீதிமன்றம் ஏறும் வாய்ப்பும் வாக்கும் இருந்தன. ஒன்பதாவதோடு நின்ற ராமநாதபுரத்துப் பெண்ணுக்காக யார் ஏறுவார்கள்?

எங்கள் ஊரில் அரசு வேறு மாதிரியும் நடந்துகொண்டிருக்கிறது. 2021 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அகாடமிக்குள் பெண்கள் வந்தார்கள். முதல் அணி 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து அணிவகுத்தது. பதினேழு பேர். அதற்கு முந்தைய நாள்தான், மே 29 அன்று, கடற்படையின் தாரிணி பாய்மரப் படகு கோவாவில் கரை தொட்டது. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும். 2024 அக்டோபர் 2 அன்று கிளம்பி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து, தென்னாப்பிரிக்கா வழியாக உலகத்தைச் சுற்றி வந்தார்கள். ஹார்ன் முனையைப் பாய்மரத்தில் கடப்பது எவ்வளவு அபாயம் என்று மயில் குடாவில் படகு ஓட்டப் பழகும் அகாடமிப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். கடற்படை அவர்களைக் கடல் அபாயம் என்று கரையில் உட்கார வைக்கவில்லை. மூன்று ஆண்டு பழக்கியது. கரையிலிருந்து வானிலை சொல்ல ஆள் வைத்தது. எந்த நேரத்திலும் கூப்பிட்டால் எடுக்க ஒரு தொலைபேசி வைத்தது.

சீருடை போட்ட பெண்ணுக்கு அரசு கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்கையாவது சேலையிலும் ஜீன்ஸிலும் போகிறவளுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி.

படித்த பெண்களின் பாடும் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்ப் பெண் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். புனேயில் ஜெர்மன் படிக்காத பிள்ளைகளை எண்ணிவிடலாம் போலிருக்கிறது, மாக்ஸ் முல்லர் பவனில் எப்போதும் கூட்டம். ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் எல்லாத் தாள்களையும் அடுக்கி, சரியாக இருக்கிறதா பாருங்கள் ஆன்ட்டி என்று கொண்டுவந்தாள். முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ போட்ட சான்று, காப்பீடு, பல்கலைக்கழகக் கடிதம், நகல்கள். ஒரு படிவத்தில் "அவசரத் தொடர்பு" என்ற கட்டத்தில் அப்பாவின் கைப்பேசி எண் இருந்தது. பிளஸ் 91 என்று தொடங்கும் கடக்வாஸ்லா எண். கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முந்தி ஓடும் ஊரில், மாத்திரை போட்டுத் தூங்கும் ஒரு மனிதர். லைப்சிக்கில் நள்ளிரவில் ஒருவன் பின்தொடர்ந்தால் அவர் என்ன செய்வார்?

112 என்ற அவசர எண் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்திருந்தது. பெண்கள் மீதான வன்முறைக்கென்று ஜெர்மனியில் 116 016 என்ற எண் இருக்கிறது, நாள் முழுதும் எடுப்பார்கள், காசு கிடையாது, ஆங்கிலத்திலும் பேசலாம் என்பது தெரியவில்லை. இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணும் தெரியவில்லை. வெளிநாட்டில் இருப்போரின் குறைகளைக் கேட்க மதத் இணையதளம் என்று உங்கள் அமைச்சகம் 2015 முதல் நடத்திவருவதைக் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனைக்கும் அவள் பாஸ்போர்ட்டுக்காக முண்ட்வா சேவா கேந்திராவுக்கு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தவள். அவள் நல்ல பெண்தானா என்று விசாரிக்கப் போலீஸ்காரர் வீடு தேடி வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டார், கையெழுத்து வாங்கினார். அரசு அவள் வாசற்படி ஏறியது அந்த ஒரு தடவைதான். அப்போதுகூட அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் வந்தது, அவளுக்கு ஒன்றையும் தெரிவிக்க அல்ல.

இதே புனேயின் ஆனந்திபாய் ஜோஷி 1883 இல், பதினெட்டு வயதில், கணவரை நாட்டிலேயே விட்டுவிட்டுக் கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். அவரைப் பற்றி ஒரு மிஷனரிப் பத்திரிகையில், பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது படித்துவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கியவர் நியூஜெர்சியின் தியோடிசியா கார்ப்பெண்டர். கடிதத்தில் மட்டுமே தெரிந்த அந்த அம்மாள்தான் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து அவரை அழைத்துப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆனந்திபாய் 1886 இல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, 22 வயது நிறையும் முன் காசநோயில் இறந்தது வேறு துயரம். ஆனால் அந்தப் பயணம் நடந்ததே அக்கரையில் ஒரு ஆள் இருந்ததால்தான்.

அந்த ஆளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பாஸ்போர்ட்டோடு, அவரவர் தாய்மொழியில், ஒரே ஒரு அட்டை அனுப்புங்கள். எண்கள் பெரிதாக, கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில். வளைகுடாவின் ஒவ்வொரு தூதரகத்திலும் இரவுப் பணியில் தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசும் பெண் ஒருவர் இருக்கட்டும். ஆட்கள் குறைவு என்பீர்கள். அங்கேயே வாழும் நம் பெண்களில் ஓய்வுபெற்ற செவிலியர், ஆசிரியர் எத்தனை பேர்! அவர்களை ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். 2009 முதல் இருக்கும் இந்தியச் சமூக நல நிதி இதற்கில்லாமல் வேறெதற்கு? வீட்டு வேலைக்கு எடுக்கும் முதலாளி, கைப்பேசி அவளிடமே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தூதரகத்திலிருந்து ஒருவர் அவளோடு நேரில் பேச வேண்டும். மறுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். மாணவிகளுக்கு இவ்வளவுகூட வேண்டாம். இறங்கும் ஊரில் ஒரு பெயர், ஒரு முகவரி போதும்.

1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2025 அக்டோபரில் உங்கள் அமைச்சகம் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. இதை என் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் எழுதும்போது முப்பது வயது வரம்பு மறுபடி உள்ளே வரக் கூடாது. அவள் போகத்தான் போகிறாள். விசிட் விசாவில் ஒளிந்து போகாமல், உங்கள் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போக வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடக்வாஸ்லாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்