பகுதி இல்லாத பின்னம்

நீட், கீம் முடிவுகள் வெளியாகும் நாள்களில் திருவனந்தபுரத்தில் நாளிதழைப் பிரித்தால், செய்திக்கு முன்பாக முகங்களே கண்ணில் படும். பயிற்சி மையங்கள் தத்தம் தரவரிசை மாணவர்களை முழுப்பக்கத்துக்கு அடுக்கியிருக்கும். அங்கே சேர்ந்தவர் மொத்தம் எத்தனை பேர், இடம் கிடைக்காதவர் எத்தனை பேர் என்பது மட்டும் அப்பக்கத்தில் இராது. தொகுதி உண்டு; பகுதி இல்லை.

பயிற்சியை எதிர்ப்போரின் வாதத்திலும் இக்குறை உண்டு. 2019-20இல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றோருள் 99 விழுக்காட்டினர் பயிற்சி பெற்றவர்கள் என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கூறியது. மேடைதோறும் ஒலிக்கும் எண் இது. ஆயினும், பயிற்சி பெற்றும் தோற்றவர்களைக் கணக்கில் கொள்ளாமல், பயிற்சி எவ்வளவு மதிப்பெண்ணைக் கூட்டியது என்று இதிலிருந்து கூற இயலாது. கட்டணம் செலுத்த வல்ல குடும்பம் நல்ல பள்ளியையும் படிக்கத் தனியறையையும் முன்பே தந்திருக்கும். அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் டெரிக் பிரிக்ஸ் எழுதிய அறிக்கையின்படி, இத்தகைய வேறுபாடுகளைக் கழித்தபின் பயிற்சியால் விளைந்த ஏற்றம் 1600க்குச் சராசரியாக 30 புள்ளிகள் அளவே.

அம்முடிவை அப்படியே இங்குப் பெயர்த்து நடவும் முடியாது. நீட் பாடத்திட்டத்தை ஒட்டிய தேர்வு. 180 நிமிடங்களில் 180 வினாக்கள், பிழையான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. அதே பாடத்தை ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்து வேகம் பழகியவருக்குப் பயன் இருந்தே தீரும். ராஜன் குழு அறிக்கையில் நான் கனமாகக் கருதுவது வேறோர் எண்: மருத்துவ இடம் பெற்றோருள் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42. மையங்கள் விற்கும் பண்டம் நுட்பமன்று, காலம் என்றே இதற்குப் பொருள் கொள்கிறேன்.

அந்த ஓராண்டை யாரால் வாங்க முடியும்? தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அதன் விலை கட்டணத்தோடு முடிவதில்லை; இழந்த கூலியும், வீட்டில் தொடங்கிவிடும் திருமணப் பேச்சும் அதில் அடக்கம். பன்னிரண்டாம் வகுப்பின் சனி, ஞாயிறுகளில் நடத்தும் இலவச வகுப்பு இதற்கு ஈடாகாது. உறைவிடமும் உதவித்தொகையும் கூடிய ஓராண்டே ஈடாகும். செலவு மிகும்தான், அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன்.

அளந்து பார்க்க வழியும் இந்நகரிலேயே உள்ளது. கேரளப் பொறியியல் தரவரிசையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் சரிபாதிப் பங்கு. (அவற்றைச் சமன்செய்யும் சூத்திரத்தை மாற்றியது செல்லாது என 2025இல் உயர் நீதிமன்றம் கூறியதும் பட்டியலே மாறியதை மறந்திருக்க மாட்டோம்.) ஒரே மாணவரின் இருவகை மதிப்பெண்களும் நுழைவுத் தேர்வு ஆணையரிடம் உள்ளன. பயிற்சி பெற்ற மாதங்கள், செலுத்திய கட்டணம், எத்தனையாவது முயற்சி என்ற மூன்றையும் அவற்றோடு இணைத்து, பெயர் நீக்கிய தரவாக வெளியிட்டால், தோற்றவர்களும் கணக்கில் வந்துவிடுவர்.