தாத்தா சைக்கிள் முதலீடா, பழைய இரும்பா? எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம்

தங்கம், மியூச்சுவல் ஃபண்டு, பி.எஃப்.னு எதைப் பத்தி வீடியோ போட்டாலும் நம்ம புதுச்சேரிக்காரங்க யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடறாங்க: "சார், தாத்தா ஓட்டின ராலே சைக்கிள் வீட்ல சும்மா நிக்குது. பழசுக்கு இப்ப நல்ல ரேட் வருதாமே. வித்துடலாமா, வச்சிருந்தா இன்னும் ஏறுமா?" வீடியோவுல ஒரு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது. அதனால இங்க எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய ஸ்டீல் சைக்கிள் முதலீடு கிடையாது. அதே சமயம் அது பழைய இரும்பும் கிடையாது. இந்த ரெண்டு தப்பான எண்ணத்தாலயும் நம்ம ஊர்ல பணம் போயிட்டு இருக்கு. ஒரு பக்கம், வீட்டைக் காலி பண்ற அவசரத்துல எடைக்குப் போடறாங்க. ஒரு ரோட்ஸ்டர் சுமாரா 20 கிலோ வரும். கிலோ 30 ரூபாய்னு வச்சாலும் 600 ரூபாய்தான். அதுல இருக்கிற ப்ரூக்ஸ் தோல் சீட்டை மட்டும் இன்னிக்கு புதுசா வாங்கினா பல ஆயிரம் ஆகும். இன்னொரு பக்கம், "பிரெஞ்சுக்காரன் காலத்து சைக்கிள்"னு ஒரு கதையைச் சொல்லி, புதுசா பெயின்ட் அடிச்ச வண்டியை பத்து மடங்கு விலைக்குத் தள்ளி விடறாங்க. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில இருந்தது உண்மைதான். அதுக்காக மிஷன் வீதி சுவத்துல சாய்ச்சு வச்ச எல்லா சைக்கிளும் பிரெஞ்சு சைக்கிள் ஆயிடுமா? நம்ம வீடுகள்ல இருக்கிறதுல பெரும்பாலும் இங்கிலீஷ் பேர் வச்ச இந்திய வண்டிதான். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. அம்பத்தூர்ல 1949-ல தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ், இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டுல ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் செஞ்சது. ராலேயை அசன்சோல்ல சென்-ராலே செஞ்சது. நல்ல வண்டிங்க. ஆனா நாட்டிங்காம் விலை கொடுக்கிற வண்டிங்க இல்ல.

அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது? ஸ்டிக்கரையும் பெயின்ட்டையும் மறந்துடுங்க, அதெல்லாம் ஒரு நாள் வேலை. இரும்பைப் பாருங்க. முதல்ல பெடல் பக்கத்துல இருக்கிற செயின் வீல். பழைய கம்பெனிங்க அதுலயே கையெழுத்துப் போட்டிருப்பாங்க. ராலேல நாரை உருவம் வெட்டியிருக்கும். ரட்ஜ்ல ஒரு உள்ளங்கை. ஹம்பர்ல அஞ்சு குட்டி மனுஷங்க வட்டமா நிப்பாங்க. பி.எஸ்.ஏ.ங்கறது பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்ச கம்பெனி, அதனால அவங்க முத்திரையில மூணு துப்பாக்கி சாய்ச்சு வச்சிருக்கும். அடுத்தது ஃபோர்க். ராலேல அதோட தோள்பட்டை தட்டையா இருக்காது, உருண்டைக் குழாயா ரெண்டு பக்கமும் வழிஞ்சு இறங்கும். பின் சக்கரத்துல ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு கியர் ஹப் இருந்தா அழுக்கைத் துடைச்சுப் பாருங்க, வருஷமும் மாசமும் குத்தியிருக்கும். 58 4ன்னு இருந்தா 1958 ஏப்ரல். ஆனா சக்கரம் மாத்தின வண்டிங்க நிறைய. ஹப் தேதி ஹப்போட தேதிதான், சைக்கிளோட ஜாதகம் இல்ல. ஃப்ரேம்ல குத்தின நம்பர், ஹப், செயின் வீல், பேட்ஜ் எல்லாம் ஒரே கதையைச் சொல்லணும். ஆடிட்ல ஒரே ஒரு வவுச்சரை வச்சு கையெழுத்துப் போடுவோமா?

வளைஞ்ச ஹேண்டில்பார் வச்ச ரேஸ் சைக்கிளுக்கு வேற கணக்கு. அதுல விலையே குழாய்க்குத்தான். ரெனால்ட்ஸ் 531ன்னு ஒரு ஸ்டீல், 1935-ல வந்தது. வலு குறையாம குழாயை மெல்லிசா இழுக்க முடிஞ்சதுதான் அதோட பெருமை. அந்த ஸ்டிக்கரை யார் வேணா பிரிண்ட் பண்ணலாம். ஆனா சீட் போஸ்ட் பொய் சொல்லாது. வெளி விட்டம் ஒண்ணுதான், குழாய் மெல்லிசா இருந்தா உள்ள இடம் அதிகம், அதனால உள்ள போற கம்பி தடிமனா இருக்கும். இங்கிலீஷ் 531 நல்ல ஃப்ரேம்ல அது 27.2 மி.மீ. பிரெஞ்சு பீஜோ பி.எக்ஸ்-10ல 26.4. சாதாரண தடிச்ச குழாய் ஃப்ரேம்ல இதைவிட ஒல்லியா இருக்கும். ஒரு வெர்னியர் கேலிப்பர் போதும். முன்னாடி ஹேண்டிலுக்குக் கீழ, குழாயோட அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்க. சுருக்கம் மாதிரி தட்டுப்பட்டா வண்டி எப்பவோ முட்டியிருக்கு. அதை வாங்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

நிஜமான பிரெஞ்சு சைக்கிள் நம்ம ஊர்ல யார்கிட்டயாவது இருந்தா, ஒரு சொல்தா குடும்பத்து வீட்லயோ, பிரான்ஸ்ல இருந்து கொண்டு வந்தவங்ககிட்டயோ, தயவுசெஞ்சு இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க. அந்தக் காலத்து பிரெஞ்சு மரை தனி. பெடல் மரை 14 மி.மீ.; நம்ம கடையில கிடைக்கிறது 9/16 அங்குலம், அதாவது 14.29. வித்தியாசம் முடி கனம்தான், அதனால கொஞ்சம் பலம் கொடுத்தா ஏறிடும். ஏறினா கிராங்க் போச்சு. பி.பி. கப்பும் அப்படித்தான்: இங்கிலீஷ் வண்டியில செயின் பக்கம் இடது மரை, பழைய பிரெஞ்சு வண்டியில ரெண்டு பக்கமும் வலது மரை. தெரியாம ஸ்பேனரைப் போட்டு "கழறலயே"ன்னு இன்னும் இன்னும் இறுக்குவாங்க. ஓவராயில் பண்ண விடற அன்னிக்கு நீங்களும் பக்கத்துல நின்னு இதைச் சொல்லுங்க. நம்ம சைக்கிள் கடை அண்ணனுங்க கைப்பழக்கம் அபாரம், ஆனா இந்த மரை அவங்க தினமும் பார்க்கிற மரை இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு 25,000-க்கு ஒரு பழைய வண்டி வாங்கறீங்க. ஓவராயில், டயர், தோல் சீட், குரோம்னு 8,000 செலவு. அஞ்சு வருஷம் கழிச்சு 40,000-க்கு வித்தா "7,000 லாபம்"னு தோணும். 33,000 அஞ்சு வருஷத்துல 40,000 ஆனா வருஷத்துக்கு 3.9 சதவீதம்தான். பேங்க் எஃப்.டி.யே இதைவிட மேல. அதுவும் 40,000 கொடுக்க ஒருத்தர் சரியா அந்த நேரத்துல வரணும். இதுக்குச் சந்தை விலைன்னு ஒண்ணு கிடையாது, ரெண்டு பேர் பேசி முடிக்கிறதுதான் விலை. கூடவே நம்ம கடல் காத்து. உப்பு வெளிய குரோமைத் தின்கிறது கண்ணுக்குத் தெரியும். குழாய்க்கு உள்ள தின்கிறது தெரியாது. அதனால "சைக்கிள்ல போட்டா டபுள் ஆகும்"னு யாராவது சொன்னா, அவர்கிட்ட விக்கறதுக்கு ஒரு சைக்கிள் இருக்குன்னு அர்த்தம்.

வரி பத்தியும் கேக்கறாங்க. சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த சைக்கிளை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு மாதிரி சில விதிவிலக்கு தவிர, சொந்த உபயோக அசையும் பொருள் மூலதனச் சொத்துலயே சேராது. 1961 சட்டத்துல இது பிரிவு 2(14), 2025 புதுச் சட்டத்துலயும் தொடருது. ஆனா மாசம் ரெண்டு வாங்கி ரெண்டு வித்தா அது வியாபார வருமானம். ஜி.எஸ்.டி. பதிவு வரம்பும் கவனிங்க: பொருள் விக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல 40 லட்சம், புதுச்சேரியில 20 லட்சம். கோட்டக்குப்பம் தாண்டினா சட்டம் மாறிடும், நம்ம ஊர் விசேஷம் அது.

அப்ப தாத்தா சைக்கிளை என்ன பண்றது? நான் கேக்கிறவங்களுக்குச் சொல்றது, ஓட்டுங்க. ஊர் முழுக்க சமதளம், ஒயிட் டவுன் தெருக்களுக்கு கியரே தேவையில்ல. லாஸ்பேட்டைல இருந்து தினம் ஆபீஸுக்கு ஓட்டினா மிச்சமாகிற பெட்ரோல் காசு, அந்த வண்டி விலை ஏறி வரப்போற காசைவிட நிச்சயமானது. ஸ்டீலுக்கு இன்னொரு குணமும் உண்டு: கோணினா நிமிர்த்தலாம், விட்டுப்போனா பித்தளை வச்சுப் பத்த வைக்கலாம். கார்பன் ஃப்ரேமை நம்ம தெருவுல யார்கிட்ட கொண்டு போவீங்க?

ஓட்ட மனசு இல்லன்னா வித்துடுங்க, தப்பே இல்ல. ஆனா அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வில்லுங்க. 600 ரூபாய்க்குப் போட்ட சைக்கிளுக்காக பாகப்பிரிவினை நேரத்துல பேசாம போன குடும்பங்களை நான் பார்த்திருக்கேன். சொத்துப் பட்டியல்ல அந்த வண்டி ஒரு வரி கூட இருக்காது.

கடைசியா டயர். ராலே, ஹெர்குலஸ் ரோட்ஸ்டருக்கு 28 x 1½ வேணும், பக்கவாட்டுல 635ன்னு போட்டிருக்கும். இது சாதாரண சைக்கிள் கடையிலயே கிடைக்கும். 700சி-ங்கிற 622 டயரையும் சிலர் "28 இன்ச்"னுதான் கொடுப்பாங்க. அது உங்க ரிம்ல உக்காராது. மூணு இலக்க நம்பரைப் பார்த்துட்டு காசு கொடுங்க.