ஏட்டில் நின்ற பழைய விலாசம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், இறக்கக்கண்டியைக் கடந்தே குச்சவெளியை அடைவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையோரக் குடிகள் பல இடம் பெயர்ந்தன. அவ்வாறான ஊரில் தபாற்காரர் பழைய விலாச ஏட்டையே நம்பிப் புறப்பட்டால், ஒருவருக்குரிய கடிதம் மற்றொருவர் வாசலில் விழும். கணினியினுள்ளும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு.

2008 செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.27ஆம் பதிப்பு வெள்ளோட்டத்தில் இருந்தது. அதனைப் பரீட்சித்தோர் சிலரது கணினிகளில் இன்டெல் நிறுவனத்தின் வலையமைப்புச் சாதனங்கள் செயலற்றுப் போயின. கணினியை அணைத்து மீண்டும் இயக்கியும் பயனில்லை. சாதனம் தன் அடையாள எண்ணைப் பொறித்து வைத்திருந்த நிலைநினைவகமே சிதைந்திருந்தது. அதனை இயக்கும் 'இ1000இ' என்ற இயக்கி நிரல்மீதே பழி விழுந்தது.

இயக்கி நிரலானது சாதனத்தின் நினைவிடத்தைக் கணினியின் விலாச வரிசையில் ஓரிடத்திற் பொருத்திக்கொள்ளும். பின்னர் அவ்விலாசத்தில் எழுதுவது யாவும் சாதனத்தையே சென்று சேரும். மெய்யான குற்றவாளியோ, நிரல்களின் ஓட்டத்தை வேவு பார்க்கும் 'எஃப்டிரேஸ்' என்ற வேறொரு பகுதி. தொடக்க வேலை முடிந்ததும் கலைக்கப்பட்ட நிரற் பகுதிகளின் விலாசங்கள் அதன் ஏட்டில் அழியாதிருந்தன. அவற்றுள் ஒன்று வலையமைப்புச் சாதனத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது!

எஃப்டிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதிற்று என எண்ணிவிடலாகாது. "முன்னிருந்ததே இருந்தால் மாற்று" என்னும் எச்சரிக்கையான கட்டளையையே அது பயன்படுத்தியது. ஆனால், பொருந்தாவிடில் வாசித்ததையே திரும்ப எழுதிவைப்பது அக்கட்டளையின் இயல்பு. சாதாரண நினைவகத்தில் இதனால் தீங்கேதுமில்லை. சாதனத்துக்கோ எழுதப்படும் ஒவ்வொன்றும் ஓர் ஏவல். காவலுக்கு வைத்த பூட்டே கதவை உடைத்த கதை இது.

இன்டெல் பொறியியலாளர் செய்ததை நாம் பெரிதும் மெச்சுகிறோம். குற்றவாளி யாரென்று துணியுமுன்னரே, நிலைநினைவகத்தில் எவரும் எழுதவியலாதவாறு தம் இயக்கியிலேயே தடை அமைத்தனர். அக்டோபர் 9ஆம் தேதி வெளியான 2.6.27 அத்தடையுடனேயே வந்தது. காரணம் துலங்கியதும் 2.6.27.1இல் எஃப்டிரேஸின் அவ்வசதி நிறுத்தப்பட்டது. அடுத்த பதிப்பில், ஓட்டத்தின்போது விலாசம் சேர்க்கும் வழக்கத்தை விடுத்து, நிரலைத் தொகுக்கும்போதே பட்டியலிடும் முறை வந்தது. கலைக்கப்படவிருக்கும் தொடக்கப் பகுதிகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.