சிங்க் அடைச்சா ஆசிட்டைத் தூக்காதீங்க!

மாங்கனித் திருவிழா வந்தால் காரைக்காலில் வீட்டுக்கு வீடு விருந்தாளிதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பகல் பூரா சமையல், ராத்திரி வரை பாத்திரம் கழுவல். ஒன்பது மணிக்கு அடுப்படியில் இருந்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: "என்னங்க, சிங்க் அடைச்சிக்கிச்சு. தண்ணி ஒரு சொட்டு இறங்கல!"

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "ஆசிட்டை ஊத்துங்க" என்றார் ஒருவர். "காஸ்டிக் சோடா போடுங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "அடியில இருக்கிற அந்த வளைவே வேஸ்ட்டு. கழட்டிப் போட்டுட்டு நேரா குழாயை விடுங்க" என்றார். மூன்றுமே தப்பு. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பையனைக் கடைக்கு அனுப்பினேன். பழைய தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வந்தது. பாதியை ஊற்றினேன். புகை கிளம்பியது. கண் எரிந்தது, விருந்தாளிகள் இருமினார்கள். தண்ணீரோ நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை பிளம்பர் வந்தார். குனிந்தவர் குழாயைத் தொடவில்லை. "சார், ஆசிட் ஊத்துனீங்களா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றார். விழுங்கி விழுங்கி 'ஆமாம்' என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை வரை வெந்த தழும்பு. வேறொரு வீட்டில் ஊற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார்களாம். மூடியைத் திருகியதும் மொத்தமும் கையில் கொட்டிவிட்டதாம்.

நாம் ஊற்றிவிட்டு நகர்ந்து விடுகிறோம். திறக்கிறவன் கை வேகிறது. இதை யாராவது யோசிக்கிறோமா?

பத்து நிமிட வேலை

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அவர் செய்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. சிங்க்கில் நின்ற தண்ணீரைக் குவளையால் பக்குவமாக மொண்டார். அடியில் ஒரு வாளியை வைத்தார். வளைவுக் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றினார். உள்ளே இருந்து என்னென்ன வந்தது தெரியுமா? கஞ்சிப் பசை, மாம்பழ நார், தேங்காய்ப் பூ, மீன் செதில், கறிவேப்பிலைக் காம்பு, பால் பாக்கெட்டில் கத்தரித்த மூலை! ஆசிட்டுக்கு பிளாஸ்டிக் கரையுமா?

கிண்ணத்தைக் கொல்லைக் குழாயடியில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். (கழற்றிய கிண்ணத்தை அதே சிங்க்கில் கழுவி, காலெல்லாம் நனைந்த புண்ணியவான்களும் ஊரில் உண்டு.) வாஷரைச் சரியாக உட்கார வைத்து மறுபடி மாட்டினார். அவ்வளவுதான்! அங்கே அடைப்பு இல்லாவிட்டால் சுவருக்குள் போகும் குழாயில் ஸ்பிரிங் கம்பி விடவேண்டும். அதற்கு ஆள் கூப்பிடலாம், தப்பில்லை.

சின்ன அடைப்பு என்றால் கழற்றக்கூட வேண்டாம். ரப்பர் கிண்ணம் வைத்த கட்டையை வாயில் அமுக்கி நாலு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் ஆசிட்டோ சோடாவோ ஊற்றிய சிங்க்கில் இழுக்காதீர்கள், முகத்தில் தெறிக்கும். பிசுக்குக்கு நல்ல வெந்நீர் ஊற்றலாம். தளதளவென்று கொதிப்பதை ஊற்றினால் பிவிசி குழாய் இளகிவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் மட்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

வளைவு எதற்கு?

அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிப்பறைக்கு இதே மாதிரி வளைவு வைத்துக் காப்புரிமை வாங்கினார். 250 வருஷமாக உலகம் உபயோகிக்கிற வளைவை நம்மாள் 'வேஸ்ட்டு' என்கிறார்!

2024 ஜூன் 11-ந்தேதி நடந்ததை மறந்துவிட்டோமா? நம் மாநிலத்திலேயே, புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாள சாக்கடையில் இருந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் விஷவாயு வந்தது. மூன்று பேர் பலி. அதில் ஒருத்தி 15 வயதுப் பள்ளி மாணவி. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அளவு மீறினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம், ஆபத்து அப்படியே இருக்கும்.

செப்டிக் டேங்கிலும் இதே வாயு உண்டு. ஆகவே சிங்க்குக்கு அடியில் மடிப்பு மடிப்பான குழாய் நேராக ஓட்டைக்குள் போகிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். போனால் அதை வளைத்து, தண்ணீர் நிற்கிற மாதிரி கம்பியால் கட்டிவிடுங்கள். வெளியூர் போய் வந்தால் முதலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வளைவு காய்ந்து கிடக்கும்.

வெளியே தொட்டி அடைத்துக்கொண்டால் "இறங்கிப் பாருப்பா" என்று யாரையும் சொல்லாதீர்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. போன உயிர் வருமா?

பெரியவர்கள் காலத்தில் பாத்திரம் துலக்கியது கொல்லையில், சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு. கழுவின தண்ணீர் வாழைக்குப் போனது. அடைப்பு என்ற பேச்சே இல்லை. இன்றைக்குக் கொல்லையும் இல்லை, வாழையும் இல்லை. மீன் பொரித்த எண்ணெய் நேரே சிங்க்குக்குப் போகிறது. லண்டன் ஒயிட்சேப்பல் சாக்கடையில் 2017-ல் கொழுப்புக் கட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 250 மீட்டர் நீளம், 130 டன் எடை! அதுவும் வாணலி எண்ணெயில் ஆரம்பித்ததுதான்.

ஆசிட் விற்கிற கடைக்கார அண்ணாச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்குகிறவர் பெயர், விலாசம் எழுதவேண்டும், அடையாள அட்டை பார்க்கவேண்டும், 18 வயது ஆகாதவர்களுக்குத் தரக்கூடாது என்று 2013 ஜூலையிலேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. என் பையனுக்கு வயது 14. கடையில் யாரும் கேட்கவில்லை. அவனை அனுப்பிய நான் யாரைக் குறை சொல்வது?

இப்போது சிங்க் வாயில் ஒரு வலை கிடக்கிறது. ரப்பர் கட்டை ஆணியில் தொங்குகிறது. பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டாமல் தொங்கவிடுகிறாள் வீட்டுக்காரி.