செங்கற்சூளையும் வயலின் மேல்மண்ணும்

சென்னைப் பட்டணத்தில் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகளை இடித்து, அவ்விடத்தில் நாலைந்து மாடிகள் எழுப்புவது நெடுநாளாக நடந்து வருகிறது. அது பட்டணத்தார் காரியம், நமக்கென்ன என்று மிராசுதாரர்கள் எண்ணலாகாது. தியாகராய நகரே 1920-களில் ஓர் ஏரியை வற்றவைத்து அதன் படுகையில் அமைத்த ஊர். அன்று ஏரியைக் கொண்ட பட்டணம் இன்று வயலின் மேல்மண்ணைக் கேட்கிறது. அம்மாடிகளுக்கு வேண்டிய செங்கல்லில் பெரும்பகுதி திருவள்ளூர் முதலிய பக்கத்து ஜில்லாக்களின் சூளைகளில் வேகிறது. அச்சூளைகளுக்கு மண் கொடுப்பவர்களில் நம்மவர் பலர்.

9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல கனமுள்ள ஒரு கல்லுக்கு 0.07 கன அடி மண் செல்லும். 20,000 கல் பிடிக்கும் ஒரு வீட்டுக்கு 1,400 கன அடி. அரை அடி ஆழம் வெட்டினால் ஆறு சென்ட்டுக்கு மேற்பட்ட நிலம் தன் மேல்மண்ணை இழக்கும். உலர்ந்து வேகும்போது மண் சுருங்குவதால் உண்மையில் இதனினும் அதிகமாகும்.

அந்த அரை அடியில்தான் மக்கும், நுண்ணுயிர்களும், பயிருக்கு எட்டும் சத்துக்களும் பெரிதும் இருக்கின்றன. மண் கொடுத்து வாங்கிய பணம் ஒரு வருஷத்தில் கரைந்துபோக, நிலமோ பல போகங்களுக்குத் தேறுவதில்லை. மட்டம் தாழ்ந்த வயலில் மழைநீர் வடியாமல் நிற்கும். அடுத்தவர் வரப்பும் சரியும். மண் கொடாத அண்டை வீட்டுக்காரருக்கும் நஷ்டம் உண்டென்பதைப் பஞ்சாயத்தில் யாரும் எடுத்துரைப்பதாகத் தெரியவில்லை.

மேல்மண்ணை வெட்டிச் செங்கல் அறுப்பதைக் கட்டுப்படுத்தி, அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைக் கல்லாக்கும்படி மத்திய சர்க்கார் 1999 செப்டம்பர் 14-ல் அறிவிக்கை வெளியிட்டது. அத்திப்பட்டு மின் நிலையம் பட்டணத்திற்கு வெகு சமீபத்தில் இருந்தும், அடையாற்றுச் சுவர்களில் இன்னும் சூளைக்கல் ஏறுகிறதென்றால், விதி மட்டும் போதவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளும் செங்கல்லால் கட்டியவைதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் அவற்றின் சாந்து சுண்ணாம்பு. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மச்சில் தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாகவும் கோணமாகவும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, தட்டோடு பரப்புவார்கள். தளம் அடிக்கையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது வழக்கம். அத்தகைய வீட்டை இடித்தால் சாந்து உதிர்ந்து கல் முழுதாக வரும். மறு வீட்டுக்கு உதவும். சிமெண்டில் பிடித்த கல் உடைந்துதான் வரும். ஒருமுறை சுட்ட மண்ணை இரண்டு தலைமுறை உபயோகிப்பது வயலைக் காப்பதற்குச் சமம். சிமெண்டு உற்பத்தி உலகில் மனிதர் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றில் ஏழெட்டுப் பங்குக்குக் காரணமாவது தனிக்கதை.

தேக்கும் கைதேர்ந்த கொத்தர்களும் இன்று எளிதில் கிடையா. ஆகையால் கிராமத்தில் புதுவீடு கட்டுவோர் மச்சை அப்படியே பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சுவருக்காவது சுண்ணாம்புச் சாந்து வைக்கலாம். லாரி பேக்கர் பரப்பிய பொள்ளல் சுவர் முறையில் கற்களைக் குத்தாக வைத்து நடுவே வெற்றிடம் விடுவதால் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். வெயிலும் அவ்வளவாக உள்ளே தாக்காது.

விவசாயிக்கு மிகவும் ஏற்றது, ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பல ஆண்டுகளாகச் செய்து காட்டிவரும் அழுத்திய மண் கல். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, நீர் தெளித்து ஆறவைப்பார்கள்; சூளையும் விறகும் வேண்டா. களிமண் மிகுந்தால் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும். இதில் முக்கியமானது யாதெனில், மக்கு கலந்த மேல்மண் இந்தக் கல்லுக்கு உதவாது, அடிமண்தான் வேண்டும். எனவே வேலை தொடங்குமுன் மேல் அரை அடியை வழித்து ஒருபுறம் குவித்துவிட்டு, அடிமண்ணை எடுத்தபின் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பிவிடலாம். மேட்டு நிலத்தில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கினால் நன்செய்யைத் தொடவேண்டியதில்லை.

சூளைக்கு மண் கொடுக்கும் ஒப்பந்தத்திலும் இந்த ஷரத்தை எழுதிக்கொள்ளலாம். வெட்டும் ஆழமும், மேல்மண் குவித்த இடமும் சரியாக இருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் பார்க்கவரும் நாளில் வரப்பில் நின்று ஒருமுறை கவனித்தால் நலம்.