பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்தாதீர்



சென்ற மாதம் ஒரு தாய் கண்கலங்க என்னிடம் வந்தார். அவருடைய எட்டு வயது மகன் இன்னும் இரவில் படுக்கையை நனைக்கிறானாம். தொடர் கொலைகள் புரிந்தோரிடம் சிறு வயதில் இவ்வழக்கம் இருந்ததாக அவர் எங்கோ படித்திருக்கிறார். "சாமி, என் பிள்ளையும் அப்படி ஆகிவிடுவானோ?" என்று கேட்டார். தந்தையோ, பிள்ளையை அடித்துத் திருத்த முனைந்திருக்கிறார்.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? 1963-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டென்வர் நகரில் மக்டொனால்ட் என்னும் மனநோய் மருத்துவர், பிறரைக் கொல்லப்போவதாக மிரட்டிய 100 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் மிகக் கொடிய இயல்பினர் சிலரிடம், படுக்கையை நனைத்தல், தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல் ஆகிய மூன்றும் சிறு வயதில் சேர்ந்திருக்கக் கண்டார். மிரட்டியவர்களைப் பற்றிய இக்குறிப்பு, நாளடைவில் கொலையாளியை முன்னறியும் விதியாகப் பரவிவிட்டது. பின்னர் மக்டொனால்டே ஆராய்ந்தபோது, இவற்றுக்கும் கொலைக்கும் உறுதியான தொடர்பைக் காணவில்லை.

பிழை எங்கே? சிறையிலிருப்பவரின் கடந்த காலத்தைத் துருவினால் ஏதேனும் ஒரு குறி கிடைக்கவே செய்யும். அதே குறியோடு வளர்ந்து நல்லவராய் வாழ்வோரை எவரும் தேடிச்சென்று விசாரிப்பதில்லை. ஒரு கணக்கும் பாருங்கள். பத்து இலட்சம் சிறுவருள் ஒருவனே கொலையாளியாவான் என வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகக் கூறும் சோதனை ஒன்று இருந்தாலும், அது குற்றமற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 10,000 பேரையும் கொலையாளிகள் எனக் காட்டிவிடும்!

படுக்கையை நனைத்தல் குற்றமன்று. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளிடம் இது காணப்படுகிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வயது ஏற ஏறத் தானே மறைவது. ஆறு மாதங்களுக்கு மேல் நின்றிருந்து மீண்டும் தொடங்கினால், நீரிழிவோ சிறுநீர்த் தொற்றோ மனத்துயரோ காரணமாயிருக்கலாம். அப்போது நாட வேண்டியது மருத்துவரையே, பிரம்பையன்று.

மற்ற இரண்டையும் அற்பமாய் எண்ணலாகாது. வேண்டுமென்றே விலங்கை வதைக்கும் பிள்ளையும், திரும்பத் திரும்பத் தீ வைக்கும் பிள்ளையும் பல வேளைகளில் வீட்டில் வன்முறையைக் கண்டவர்கள், அல்லது தாமே அதற்கு ஆளானவர்கள். அவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை. அச்செயல் நாளைய கொலையை முன்னறிவிப்பதில்லை. இன்றைய காயத்தைக் காட்டுகிறது.

அப்படியாயின் எச்சரிக்கைக் குறிகளே இல்லையா? உண்டு, அவற்றைக் குழந்தைப் பருவத்தில் அன்று, செயல்களில் தேட வேண்டும். இங்கிலாந்தின் ஹைடு நகரில் ஹெரால்டு ஷிப்மன் என்னும் குடும்ப மருத்துவர் தம் நோயாளிகளை மருந்தூசியால் கொன்று வந்தார். அவருடைய நோயாளிகளின் சாவு மிகுதியாயிருப்பதை 1998 மார்ச்சில் அருகிலிருந்த மற்றொரு மருத்துவர் எடுத்துரைத்தார். காவல்துறையினர் மேலோட்டமாக விசாரித்துக் கைவிட்டனர். அதன்பின் மேலும் மூவர் மாண்டனர். 2000-இல் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொல்லப்பட்டோர் 215 பேர் என 2002-இல் அரசு விசாரணை கண்டறிந்தது. மதிப்புக்குரிய மருத்துவர் இப்படிச் செய்வாரா என்னும் எண்ணமே பலர் கண்ணை மறைத்தது.

ஆக, நாம் இருபுறமும் தவறுகிறோம். பெரியவர்களின் செயலைக் கண்டும் காணாதிருக்கிறோம்; சிறுவனின் ஈரப் பாயைக் கண்டு அஞ்சுகிறோம்.

அத்தாயிடம், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். வீட்டில் அடி நிற்கட்டும் என்று தந்தைக்கும் சொல்லியனுப்பினேன். நாளை அவன் என்னவாவான் என்பதை ஆண்டவர் அறிவார். இன்று அவனுக்கு எங்கே நோகிறது என்பதைக் கேட்டறிவது நம் கடமை.